நகம் படாத ஓக் கன்று

அக்கா,

இன்று காலை பஸ் தரிப்பில் நிற்கும்போது உங்களுடைய மணம் வந்தது. உங்கள் சேலை மணமோ தலைக்கு வைக்கிற எண்ணெய் மணமோ இல்லை. தரிப்புக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய ஓக் மரம் நிற்கிறது. இரவு பெய்த மழைக்குக் கொட்டைகள் எல்லாம் விழுந்து, றோட்டில் கார்ச் சில்லுகள் ஏறி நசிந்து கிடந்தன. ஈரத்தில் ஒரு துவர்ப்பு மணம். அரைத்த கடுக்காயும் ஆறிப்போன தேயிலைச் சாயமும் கலந்த மாதிரி. பஸ் வந்து கதவு திறந்தது. சாரதி என்னைப் பார்த்தான், கொஞ்சம் பொறுத்தான், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். நான் ஏறவில்லை.

"கடுக்காய் மணம் புள்ள" என்று இதற்குப் பெயர் வைத்தது நீங்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர் காலம். ரொறன்ரோவின் கிழக்கே வோபர்னில் எங்கள் மாடிக் கட்டடத்து வாசலுக்கு விடியக் காலையில் ஒரு வான் வரும். ஊரை விட்டு வந்து வேலை தேடி நின்ற பெண்கள் ஏறிக்கொள்ளுவோம். பிக்கரிங் தாண்டி, அஜக்ஸுக்கு வடக்கே, வயல்வெளிக்கு நடுவில் மரக்கன்று வளர்க்கிற ஒரு நேர்சரி. பூங்கன்று கிடையாது. இந்த மண்ணுக்கே உரிய மரங்கள் மட்டும், அதிலும் முக்கியமாக ஓக். வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போனது எனக்கு அதுதான் முதல் தடவை. "தேவாரப் புத்தகமும் வீட்டுச் செலவுக் கொப்பியும் பிடிச்ச கை அக்கா இது" என்று நான் சொல்ல, வானுக்குள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

"உன்ட கொப்பியில கடவுளுக்கும் ஒரு பக்கம் வெச்சிரிப்பாய். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவெண்டு."

"உண்மையா வைச்சிருக்கிறன். நேர்த்திக்கடன் எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்."

"அப்ப எனக்கு அவர் தரவேண்டியதையும் ஒரு மூலையில எழுதி வை புள்ள."

உங்களுடையது மட்டக்களப்புப் பேச்சு. எனக்கு யாழ்ப்பாணம். நீங்கள் 'இரிக்கு' என்றால் நான் சிரிப்பேன், நான் 'உது என்ன' என்றால் நீங்கள் "எது, எது?" என்று நாலு பக்கமும் தேடுவதுபோல் நடிப்பீர்கள். அந்த முதல் நாள் சிரிப்பை நம்பி, கவலையில்லாத மனுசி என்றுதான் உங்களைப் பற்றி நினைத்தேன்.

எங்களுக்கு முதலில் தந்த வேலை கொட்டை பிரிப்பது. சாக்குச் சாக்காக வரும். பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் கொட்டவேண்டும். தாழுவது நல்லது, மிதப்பது பழுது. மிதப்பதை வடித்து எறிந்துவிட்டு, தாழ்ந்ததை ஈரமான மரத்தூளோடு பைகளில் கட்டி, குளிர் அறைக்குள் வைப்பார்கள். பனிக்காலம் முழுக்க அங்கே கிடந்தால்தான் வசந்தத்தில் முளைக்குமாம். எங்களை மேய்த்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் தாடிக்காரர். உக்ரேன் பக்கத்தால் வந்தவர். அவருடைய இங்கிலீசும் எங்களைப்போல்தான். ஆகையால் கையாலும் முகத்தாலும் நிறையப் பேசிக்கொண்டோம்.

நீங்கள் மட்டும் மிதப்பதை உடனே வடிக்கமாட்டீர்கள். ஒவ்வொன்றாக விரலால் தண்ணீருக்குள் அமத்திப் பிடிப்பீர்கள். விட்டதும் அது திரும்ப மேலே வரும். திரும்ப அமத்துவீர்கள். தாடிக்காரர் கைதட்டி, "லேடி! நோ குட், நோ குட்!" என்று கத்துவார்.

"புள்ள, இதுக்குள்ள ஒண்டு ரெண்டாவது உசிரோட இரிக்காதா? அவசரப்பட்டு எறியிறாங்க."

கை தண்ணீரில் விறைத்திருந்த அந்த நேரத்தில்தான், தலை நிமிராமல், உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னீர்கள். கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் கணக்கப்பிள்ளை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தெரு எரியத் தொடங்கிய அன்று, கடைச் சாவி தன்னிடம் இருக்கிறது, முதலாளியிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டவர். நீங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினிக்குள் ஒளிந்திருந்தீர்கள். பிறகு அகதி முகாம். முகாமில் ஒருவர் அவரை லொறி ஒன்றில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர், கடையோடு எரிந்துவிட்டார் என்றார். மற்றொரு பெண், ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு கண்டேன், என்னிடம் தண்ணீர் கேட்டார் என்று சத்தியம் பண்ணினாள். மூன்று பேரும் நல்ல மனுசர். மூன்று பேரும் கண்ணால் கண்டவர்கள். பிள்ளைகள் இல்லாத நீங்கள், அடுத்த வருஷம், முன்பே இங்கே குடியேறியிருந்த தம்பி கூப்பிட்டு எடுப்பிக்க வந்து சேர்ந்தீர்கள்.

"அதனால நான் ஒண்டையும் எறியிறல்ல," என்றீர்கள்.

உங்கள் கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தது. அதைப் பற்றித்தான் எங்கள் கட்டடத்துப் பெண்கள் எலிவேற்றருக்குள் பேசிக்கொண்டார்கள். உங்கள் தம்பிக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. உங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் மெதுவாகத்தான் தொடங்குவார்.

"அக்கா, ரெண்டு வருஷம் தாண்டிட்டு. அத்தானுக்கு ஒரு கிரியை செய்து முடிப்பம். எட்டாம் நாளும் இல்ல, முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் இல்ல. அவர்ர ஆத்துமா எங்க அலையுதோ தெரியா."

"கொண்டுவா. அவரக் கொண்டுவந்து கிடத்து. நானே செய்யிறன்."

தம்பி என்னைப் பார்ப்பார். எனக்குத்தான் சமயப் புத்தகம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பள்ளிக்கூடத்தால் பாதியில் நின்றவள் நான். பிறகு எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி நானாக வாசித்ததுதான். அந்த வாசிப்பில் இதற்குப் பதில் இருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் வெட்டுகிற பதில். அவர் போய்விட்டார் என்றால், கிரியை இல்லாமல் விடுவது பாவம். அவர் இருக்கிறார் என்றால், இருக்கிறவருக்குப் பிண்டம் வைப்பது அதைவிடப் பாவம். நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவேன்.

ஐப்பசி முடிகிற நேரம் வயலில் இருந்த கன்றுகளைக் கிண்டி எடுத்துத் தரம் பிரித்தோம். ஓக்குக்கு முதலில் வளருவது வேர்தான். மேலே ஒரு சாண் என்றால் கீழே இரண்டு சாண். வேர் நேராக இறங்கினால் நல்ல கன்று. கல்லில் முட்டி வளைந்திருந்தால் குப்பைக் குவியலுக்குப் போகும். அந்தக் குவியலில் இருந்து ஒன்றை எடுத்து உங்கள் கோட்டுக்குள் செருகினீர்கள். வேர் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. இலையெல்லாம் காய்ந்து பழுப்பாகி, ஆனால் உதிராமல் கொம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"செத்துப்போச்சே அக்கா," என்றேன்.

தாடிக்காரர் கண்டுவிட்டார். திட்டுவார் என்று பார்த்தால், வேறொரு கன்றை எடுத்துப் பெருவிரல் நகத்தால் அதன் தோலைக் கொஞ்சம் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. "கிறீன், அலைவ்." பிறகு காய்ந்த சுள்ளி ஒன்றைச் சுரண்டினார். "பிறவுன், பினிஷ்." உங்கள் கன்றுக்குக் கை நீட்டினார். நீங்கள் கோட்டை மூடிக்கொண்டீர்கள். அவர் சிரித்துவிட்டு, ஒரு கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து, "வின்ரர், சிலீப். அவுட்சைட்," என்றார்.

வானுக்குள் வரும்போது என் காதோடு சொன்னீர்கள். "புள்ள, நான் ஒண்டு நினைச்சித்தன். இது துளிர்த்தா அவர் இரிக்கார்."

உடனே உங்கள் கையைப் பிடித்தேன். "அக்கா, மரத்தில ஒரு ஆளின்ர உயிரைக் கட்டாதேங்கோ. அது சரியில்லை."

"நீ கோயிலுக்கு நேர்த்தி வெக்கிறாய். நான் இதுக்கு வெச்சித்தன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கன்று உங்கள் ஒன்பதாம் மாடிப் பல்கனியில் ஒரு பெயின்ற் வாளிக்குள் நின்றது.

மார்கழியில் காற்று ஏரிப் பக்கத்தால் அறைய ஆரம்பித்தது. நான் ஒரு நாள் மாலை இடியப்பம் கொண்டு வந்தேன். நீங்கள் பல்கனிக் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றீர்கள். வெளியே வாளித் தண்ணீர் உறைந்து, கன்றின் காய்ந்த இலைகள் சரசரவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"நாம சுவெற்றருக்கு மேல சுவெற்றர் போட்டு நடுங்கிறம். பச்சைப்புள்ள மாதிரி அது வெளியில நிக்கிது."

"தாடிக்காரர் வெளியில விடச் சொன்னவர் எல்லே?"

"அவங்க பெத்த புள்ளையையே தனி அறையில படுக்க வெக்கிற ஆக்கள். அவங்களுக்கு என்ன தெரியும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பனி என்றால் கொல்லுவது என்பதைத் தவிர எங்களுக்கு வேறு என்ன தெரியும்? குளிர் ஒரு மரத்துக்குத் தேவையாக இருக்கும் என்று, வெயிலில் பிறந்த எந்தப் புத்தி யோசிக்கும்? இருவருமாக வாளியைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தோம். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தோம். நீங்கள் இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்த்தீர்கள், நான் வாளிக்குத் திருநீறு பூசினேன். இடியப்பம் ஆறிப்போனது.

தை மாதம் ஒரு மத்தியானம் ரெலிபோன் அடித்தது. "மேல வா" என்று மட்டும் சொன்னீர்கள். ஓடி வந்து கதவில் கை வைத்தபோது உள்ளே உங்கள் குரல் கேட்டது. "இஞ்சருங்க... இஞ்சருங்க, பாருங்க." ஊரில் பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற குரல். அப்படியே நின்றுவிட்டேன். ஆர் வந்திருக்கிறார்? கதவைத் தட்ட மறந்துபோனேன். நீங்களாகத் திறந்தீர்கள். வீட்டில் ஒருவரும் இல்லை. ஹீற்றருக்குப் பக்கத்தில் கன்று நின்றது. நுனியில் மொட்டு வெடித்து, மாந்தளிர் நிறத்தில், பிள்ளையின் காது மாதிரி மெல்லிசாக, நாலைந்து இலை.

"இரிக்கார் புள்ள," என்றீர்கள். "எங்கேயோ இரிக்கார்."

வெளியே முழங்காலளவு பனி. இந்த ஊரில் ஒரு மரத்திலும் ஒரு துளிர் கிடையாது. அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் வசந்தம் வந்திருந்தது. எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் கூட வந்தது. ஆனால் நீங்கள் அன்று சர்க்கரைப் புக்கை பொங்கினீர்கள். கட்டடத்தில் உங்களைப் பற்றிப் பேசிய பெண்களுக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். தம்பிக்கு ரெலிபோன் எடுத்து, "கிரியைப் பேச்சு இனி எடுக்காத. செய்தி வந்தித்து," என்றீர்கள். அவர் பதறிப்போய், ஆர் சொன்னது, கடிதமா, தந்தியா என்று கேட்க, நீங்கள் சிரித்துக்கொண்டே ரெலிபோனை வைத்துவிட்டீர்கள். அந்த நாட்களில் உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சாப்பிட்டீர்கள். நித்திரை கொண்டீர்கள். எலிவேற்றர் திறக்கிற சத்தத்துக்கெல்லாம் கதவடிக்கு ஓடுவதை விட்டீர்கள். வருகிற ஆள் வரத்தானே போகிறார் என்பதுபோல் ஆறுதலாக இருந்தீர்கள்.

மாசி கடைசியில் இலைகள் வெளிறின. பங்குனியில் ஓரம் கருகிச் சுருண்டன. ஒரு கிழமைக்குள் எல்லாம் விழுந்து, வாளிக்குள் ஒரு குச்சி மட்டும் நின்றது. நேர்சரி திரும்பத் திறந்து வான் வந்தபோது நீங்கள் வரவில்லை. நான் தாடிக்காரரிடம் தெரிந்த இங்கிலீசில் விசயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். குளிரில் நித்திரை கொள்ளவேண்டியதை நடுவில் எழுப்பிவிட்டீர்கள், வெளிச்சம் இல்லாத இடத்தில் தன்னிடம் இருந்த பலத்தை எல்லாம் இலையாக்கிச் செலவழித்துவிட்டது என்று, எனக்கு விளங்கும்வரைக்கும் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். பிறகு, வேர் சிலவேளை இருக்கும், சுரண்டிப் பார் என்றார்.

அதை நான் வந்து சொன்னபோது உங்கள் தம்பியும் இருந்தார். நீங்கள் நிலத்தில், வாளிக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து இருந்தீர்கள். சாப்பிட்டு இரண்டு நாளாம்.

"சரி, அப்ப சுரண்டிப் பாப்பம்," என்று தம்பி குனிந்தார். "பச்சையெண்டா நேர்சரிக்குக் கொண்டுபோய்க் குடுப்பம். இல்லையெண்டா... அக்கா, ஒரு முடிவு தெரியவேணும் தானே?"

அவர் கையில் நீங்கள் அடித்த அடி எனக்கு இப்போதும் கேட்கிறது.

"நகம் வெக்காத! தெரிஞ்சி என்ன செய்யப் போறாய்?"

"அக்கா, நீங்க தானே சொன்னீங்க, இது துளிர்த்தா அத்தான்..."

"துளிர்த்திச்சி. நீ பாக்கல்ல. இவள் பாத்தவள்." என்னைக் காட்டினீர்கள். பிறகு குரல் தணிந்து, அவரிடமா என்னிடமா கன்றிடமா என்று தெரியாமல் சொன்னீர்கள். "தெரியாம இரிக்கிறதுக்குள்ளதான் நான் இவ்வளவு நாளும் குடியிரிக்கன். அதையும் இடிச்சிப்போட்டா நான் எங்க போறது?"

தம்பி எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்று அழுதார். அவருக்கும் அத்தான்தானே. தன் முதல் சைக்கிளை வாங்கிக் கொடுத்தது அத்தான்தான் என்று பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

வைகாசியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்பக்கத்து ஓடைப் பள்ளத்தாக்கில் மரம் நடுகிற வேலை நேர்சரிக்குக் கிடைத்தது. சரிவு முழுக்க ஓக். நீங்கள் அன்று வந்தீர்கள். கோட்டுக்குள் பழந்துணியால் சுற்றிய குச்சி. தாடிக்காரர் அதைக் கண்டதும் வாங்கிப் பார்த்தார். வளைந்த வேரைத் தடவினார். பழக்கத்தில் அவருடைய பெருவிரல் தோலுக்குப் போனது. நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். வேற்று ஆம்பிளையின் கையைப் பிடித்த வேறொரு தருணம் உங்கள் சீவியத்தில் இருந்திருக்காது. அவர் உங்கள் முகத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார். அந்த ஆளுக்கு என்ன விளங்கியதோ, அவர் எந்த யுத்தத்தைக் கண்டு வந்தவரோ. "ஓகே, மாமா," என்றார். அவர்கள் அம்மாவை அப்படித்தான் சொல்லுவார்களாம். தானே குழி தோண்டினார். வளைந்த வேர் மடங்காமல் இருக்க அகலமாகத் தோண்டினார். மற்றக் கன்றுகளுக்குக் கட்டின அடையாள நாடாவை இதற்கும் கட்டப்போனவர், நீங்கள் தலையாட்டியதைக் கண்டு அதையும் விட்டார். பிறகு எல்லாக் கன்றிலும் இருந்த நாடாக்களையும் அவிழ்த்துக்கொண்டு வந்தீர்கள். தாடிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். 

"எது எண்டு நீ பாத்து வெக்காத," என்று எனக்குக் கட்டளை. "உன்ட கொப்பியில எழுதிப்போடாத."

எத்தனையாவது வரிசை, எந்தக் கல்லுக்குப் பக்கம் என்று என் புத்தி தானாக எண்ணத் தொடங்கியிருந்தது. நான் மற்றப் பக்கம் திரும்பி ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் அந்தச் சரிவில் அரைவாசிக்கு மேல் துளிர்த்தன. மற்றவை குச்சியாகவே நின்று விழுந்தன. நீங்கள் பின்னேரங்களில் போய், துளிர்த்தவற்றின் நடுவில் நடந்து வருவீர்கள். எல்லாவற்றையும் தொடுவீர்கள். ஒன்றுக்கு முன்னால் கூட அதிகநேரம் நின்றதை நான் காணவில்லை.

சில வருஷம் கழித்து உங்கள் வயிற்றில் வந்த நோய் உங்களுக்கு அதிக நாள் தரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, பேச்சு மூச்சாக மாறிய பிறகு, என்னைக் குனியச் சொன்னீர்கள். தாலி வீங்கிய கழுத்தில் இறுகி இருந்தது. கழற்றட்டா என்று தாதி கேட்டதற்கு நீங்கள் கண்ணாலேயே மறுத்திருந்தீர்கள்.

"அவருக்குப் பூரட்டாதி," என்றீர்கள். "வெள்ளிக்கிழமையில அருச்சனைக்குக் குடுக்கிறனான். நான் இல்லாட்டி ஆர் புள்ள குடுப்பாங்க?"

"நான் குடுக்கிறன் அக்கா."

"மறந்திராத. பேரை விட்டுட்டா அவர் போயிருவார்."

பியூனரல் ஹோமில் உங்களை உடுத்துகிற அறைக்கு வெளியே எல்லாரும் நின்றோம். பெட்டிக்குள் வைப்பதற்கு முன் உங்களை எப்படி உடுத்துவது என்பதுதான் கேள்வி. குங்குமம் வைத்துச் சிவப்புக் கரைச் சேலை உடுத்துவதா? தாலியைக் கழற்றி வெள்ளை உடுத்துவதா? பெரியவர் ஒருவரின் மனைவி, வயதான அன்ரி, மெதுவாகத்தான் சொன்னா. "பிழையாச் செய்யக்கூடாது. இவ்வளவு காலமும் வராத மனுசன், இனி என்னெண்டு இருக்கிறது? செய்யவேண்டிய முறையைச் செய்தாத்தான் ரெண்டு ஆத்துமாவும் சாந்தியடையும்." சொன்னது நியாயம். புத்தகமும் அப்படித்தான் சொல்லும். தம்பி தடுமாறி என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்லுங்க. நான் நீங்க சொல்லுறதச் செய்யிறன்."

தேத்தண்ணிச் சாட்டு அங்கே இல்லை. எழும்பிப் போக ஒரு குசினி இல்லை. நான் அந்தச் சரிவை நினைத்தேன், அக்கா. அரைவாசி துளிர்த்து, அரைவாசி காய்ந்து, உங்களுடையது எது என்று ஒருவருக்கும் தெரியாமல் நின்ற சரிவை.

"எனக்குத் தெரியாது," என்றேன். "தெரியாத ஒரு ஆளை நான் கொல்லமாட்டன். குங்குமத்தைத் தாங்கோ."

அன்ரி, "பாவம் உமக்குத்தான் வரும், பிள்ளை," என்றா. சாபமாகச் சொல்லவில்லை. எனக்காக உண்மையாகவே பயந்து சொன்னா. நான் உள்ளே போய், சிவப்புக் கரைச் சேலையை நானே சரிபண்ணி, உங்கள் நெற்றியில் குங்குமம் வைத்தேன். கல் மாதிரிக் குளிர். என் விரலின் சூடு கொஞ்சமும் அதில் ஏறவில்லை.

அன்ரி சொன்ன பாவம் வந்ததா என்று கேட்டால், வந்தது என்றுதான் சொல்லவேண்டும். பாம்பாகவோ நோயாகவோ வரவில்லை. ஆடி அமாவாசை விரதத்தில் என் தகப்பனுக்குப் படைக்கும்போது, வாசலடியில் ஒருவர் காத்து நிற்பதுபோல் தோன்றுகிறது. பெயர் சொல்லி ஒருபிடி எள்ளும் தண்ணீரும் கிடைக்காமல், கையில் ஒரு கடைச் சாவியோடு. நான் அவரைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் அவரைச் செத்தவர்களோடு சேர்த்ததாகிவிடும். கூப்பிடாமல் இருந்தால், உண்மையிலேயே போனவர் என்றால், அவர் நிற்கிறதுக்கு நான்தான் காரணம். அவருடைய முகம்கூட எனக்குத் தெரியாது. நீங்கள் ஒரு படமும் வைத்திருக்கவில்லை, எல்லாம் வீட்டோடு எரிந்தது. முகமில்லாத ஒரு ஆளை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ராத்திரி விளக்கு அணைக்கும்போது, "அக்கா, இப்ப உங்களுக்குத் தெரியும் தானே, எனக்கு ஒருக்கால் சொன்னால் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். பிறகு உடனே, சொல்லாதேங்கோ என்று காதைப் பொத்திக்கொண்டும் இருக்கிறேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை தவறவில்லை. இப்போது நாங்கள் போகிற கோவில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது. வெளிக் கதவு சரியாகச் சாத்தாது, மழை நாளில் காற்று நேரே மூலஸ்தானத்துத் தீபம் வரைக்கும் வரும். அருச்சனை இருக்கிறவர்களுக்குத்தான். போனவர்களின் பெயரை அந்தத் தட்டில் கொடுப்பதில்லை, அது ஐயருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். போன வெள்ளியும் என் வீட்டுக்காரர், பிள்ளைகள், எல்லாருடைய பெயரும் நட்சத்திரமும் சொல்லி முடித்து, கடைசியாக உங்கள் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னேன். பூரட்டாதி என்றேன். புதிதாக வந்திருந்த ஐயர், இளம்பிள்ளை, தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இவர் உங்களுக்கு என்ன முறை அம்மா?"

"அத்தான் முறை."

"இஞ்ச ரொறன்ரோவிலையோ, ஊரிலையோ?"

பின்னால் வரிசையில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"தூரத்தில, ஐயா," என்றேன்.

அவர் உள்ளே போய், மணியை அடித்து, பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நல்ல கணீரென்ற குரல் அக்கா, உங்களுக்குப் பிடித்திருக்கும். என் வீட்டு ஆட்களின் பெயர் வரும்போது கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். கடைசிப் பெயர் வந்ததும் கண் தானாகத் திறந்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான். அந்தப் பெயரை அவர்கள் சத்தமாகச் சொல்லும்போது, நான் சாமியைப் பார்ப்பதில்லை. திரும்பி வாசல் கதவைப் பார்க்கிறேன்.